தானாகவே விழுந்தேன்

நவம்பர் 8, சனி

இன்று பதினோரு வீடு, பதினேழு கால்கள். இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு மற்ற உறுப்பு எதுவும் கெடாது போலிருக்கிறது; எல்லாம் கால்தான். புண்ணைக் கழுவு, மருந்து வை, கட்டு, அடுத்த வீடு. வீட்டு நர்ஸ் வேலை இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் செருப்புக் கடை வைத்திருப்பேன்.

காரில் ஹீட்டர் மறுபடியும் வேலை செய்யவில்லை. கையுறையோடு ஓட்டுகிறேன்.

திராட்சைத் தோட்டக்காரர் ப்ரோகோப் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை புனித மார்ட்டின் நாள். புது ஒயின் திறக்கிறாராம், நிலவறைக்கு வா, வாத்து வறுவல் உண்டு என்றார். கார் ஓட்டுகிறவளுக்கு எதற்கு ஒயின் என்று கேட்டேன். மோந்து பார்த்துவிட்டுப் போ என்றார். ப்ரோகோப்பின் நிலவறைக்குள் போனவர்கள் யாரும் இதுவரை மோந்து பார்த்ததோடு வெளியே வந்ததில்லை.

நவம்பர் 11

வெண்டெலின் உயிரோடு இருக்கிறான். இப்போதைக்கு இதை மட்டும் எழுதுகிறேன்.

நவம்பர் 13

இரண்டு நாளாக இந்த நோட்டைத் திறக்கிறேன், மூடுகிறேன். எழுதிவிட்டால் நடந்தது நடந்ததாகிவிடும் என்று பயம். எழுதாவிட்டாலும் நடந்தது நடந்ததுதானே.

செவ்வாய் இரண்டு மணிக்கு வேலை முடித்து ப்ரோகோப்பின் நிலவறைக்குப் போனேன். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். வெண்டெலினும் இருந்தான். கூரைக்கு ஓடு போடும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தான், தலைமுடியெல்லாம் ஓட்டுத் தூள். அவனும் அவன் மனைவி அனெஷ்காவும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். ப்ரோகோப் என் கையில் ஒரு குவளையைத் திணித்தார். ஒருவர் சொந்தத் தோட்டத்துப் புது ஒயினை மார்ட்டின் நாளில் நீட்டும்போது வேண்டாம் என்பது, செக் நாட்டின் எங்கள் மொராவியாவில் அவர் முகத்தில் துப்புவதற்குச் சமம். ஒன்று குடித்தேன். அடுத்தது அவர் மைத்துனர் தோட்டத்து ஒயின். அதைக் குடிக்காவிட்டால் மைத்துனருக்குக் கோபம் வரும். அதையும் குடித்தேன். எங்கள் சட்டப்படி கார் ஓட்டுகிறவர் ஒரு சொட்டுக் குடித்திருக்கக் கூடாது. சைக்கிள்காரருக்கும் அதே சட்டம். அங்கிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அத்தனை பேரும் எப்படி வந்தார்களோ அப்படியேதான் திரும்பிப் போனார்கள்.

நாலரை தாண்டிக் கிளம்பினேன். இருட்டிவிட்டது. ப்ரோகோப்பின் மனைவி ஒரு வாத்துத் தொடையை அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். பக்கத்து இருக்கையில் வைத்தேன். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் வளைவில் பொட்டலம் நழுவியது. கையை நீட்டிப் பிடித்தேன். தாள் கிழிந்து கை முழுக்கக் கொழுப்பு. நிமிர்வதற்குள் சத்தம் கேட்டது.

ஒயின் என்று சொல்லிக்கொண்டாலாவது பரவாயில்லை. ஒரு வாத்துத் தொடைக்காக.

சைக்கிளில் விளக்கு இல்லை. வெண்டெலின் பள்ளத்தில் கிடந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. வலது மணிக்கட்டும் போயிருந்தது. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. ரத்தத்தை நிறுத்தினேன், தோட்டத்துக் குச்சியைப் பிடுங்கிக் காலுக்கு அண்டை கொடுத்துக் கட்டினேன், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவன் மயங்கிவிடாமல் இருக்க ஜாக்கெட் தோளைப் பிடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

அவன்தான் பேசினான். "ஹெட்வி, கேளு. நீ என்னை இடிக்கல. நான் விழுந்து கெடந்தேன், நீ அந்த வழியா வந்த. அவ்வளவுதான். உன் லைசென்ஸ் போச்சுன்னா இந்த ஊர்ல இருக்குற கால் எல்லாத்துக்கும் யாரு கட்டுப் போடுறது?"

மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. வலியில் உளறுகிறான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்தேனா? ஆம்புலன்ஸ்காரர், நீங்கள்தான் கண்டுபிடித்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

போலீஸ் ஆஸ்பத்திரிக்குப் போய் அவனிடம் கேட்டார்களாம். தானாக விழுந்தேன் என்றிருக்கிறான். அவன் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். என் ரத்தத்தை யார் சோதிப்பார்கள்? நான் காப்பாற்றியவள் அல்லவா.

வாத்துத் தொடையை மறுநாள் மதியம் சாப்பிட்டேன். பசித்தது.

நவம்பர் 16

அனெஷ்கா வந்தாள். கையில் ஒரு தட்டு நிறைய கொலாச்சே ரொட்டி, நடுவில் பிளம் வைத்துச் சுட்டது. வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் மட்டும் அந்த வழியாக வராமல் இருந்திருந்தால் அந்தக் குடிகாரன் பள்ளத்திலேயே விறைத்துப் போயிருப்பான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கொலாச்சேயைக் கோழிகளுக்குப் போட்டேன். அப்புறம் அதற்காகவும் வெட்கமாக இருந்தது.

நவம்பர் 20

முன் விளக்கும் பம்பரும் மாற்ற நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பட்டறைக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பட்டறைக்காரன் பார்த்தால் மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். என்ன இடித்தீர்கள் என்று கேட்டான். மான் என்றேன். அவன் பம்பரில் ஒட்டியிருந்த கறுப்புக் கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"உங்க பக்கத்து மானெல்லாம் டயர் போட்டுட்டுத்தான் சுத்துதா?" என்றான்.

ஆனாலும் ரசீதில் மான் என்றே எழுதிக் கொடுத்தான். மனிதன் நல்லவன். இப்படி நல்லவர்களாகவே எனக்கு வந்து வாய்க்கிறார்கள்.

நவம்பர் 28

வெண்டெலினை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலில் கம்பி, கையில் மாவுக்கட்டு, கால் புண் ஆறவில்லை. தினமும் கட்டு மாற்ற வேண்டும். இந்த வட்டாரத்துக்கு நர்ஸ் யார்? நான்தான். மேலாளர் சீட்டை நீட்டியபோது, வேறு யாரையாவது போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்டால்?

போனேன். அனெஷ்கா அறையை விட்டு வெளியே போனதும் அவன் கண்ணடித்தான். என்னவோ நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் ஆப்பிள் திருடியவர்கள் மாதிரி. நான் காலைப் பார்த்தபடியே இருந்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 3

இதை எழுதியே ஆக வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து அவனுக்கு இரண்டு பக்கப் படிவம் வந்திருந்தது. காயம் எப்படி ஏற்பட்டது என்று கேட்கிறார்கள். வேறு யாராவது காரணம் என்றால் ஆபரேஷன், ஆம்புலன்ஸ், மருந்து எல்லாச் செலவையும் அந்த ஆளிடம் வசூலிப்பார்கள். அவன் வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது. அனெஷ்கா, "என் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், நீயே எழுதுடி, உனக்குத்தான் இந்த ஆஸ்பத்திரி பாஷையெல்லாம் தெரியும்" என்று பேனாவை என் கையில் வைத்துவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தாள்.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நான் எழுதினேன். ஆறாவது கேள்வி: காயம் எவ்வாறு ஏற்பட்டது? சைக்கிளில் வீடு திரும்பும்போது தானாகவே விழுந்தேன். ஏழாவது கேள்வி: இதற்கு வேறொருவர் பொறுப்பா? இல்லை. இடது கையால் அவன் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான்.

"எழுதிட்டியா? குடிச்சிட்டு விழுந்தேன்னும் போடு. உள்ளதைச் சொல்ல என்ன வெக்கம்" என்றாள் அனெஷ்கா, கிழங்கிலிருந்து தலையைத் தூக்காமல். அவன் சிரித்தான்.

என் கையெழுத்து அழகானது. பள்ளியில் பரிசு வாங்கியிருக்கிறேன். ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுந்திருந்தது.

டிசம்பர் 6

நேற்று மிகுலாஷ் பண்டிகை. பிசாசு வேஷக்காரர்கள் ஒவ்வொரு வீடாகச் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வெண்டெலின் வீட்டு வாசல் கதவில் ஒரு பொம்மை சைக்கிளைக் கட்டி, அதில் காலி ஒயின் பாட்டிலையும் தொங்கவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் நான் போனபோது அது இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நல்லாத்தான் செஞ்சிருக்கானுங்க என்று அவன் பாராட்டினான். அனெஷ்கா அதைப் பிய்த்தெறிந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் கட்டு மாற்றி முடிக்கும்வரை அவள் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 18

நோய்க்காலப் படியைப் பாதியாக்கிவிட்டார்கள்.

குடித்துவிட்டுத் தானே விழுந்து அடிபட்டால் பாதிதான் கிடைக்குமாம். ஆஸ்பத்திரிச் சோதனைத் தாள் இருக்கிறது, அவன் வாக்குமூலம் இருக்கிறது, என் அழகான கையெழுத்தில் படிவம் இருக்கிறது. கார் இடித்தது என்றால் கதையே வேறு. என் காரின் இன்சூரன்ஸ் அவனுக்கு இழந்த சம்பளம், வலிக்கான இழப்பீடு, எல்லாம் கொடுத்திருக்கும். நான் குடித்திருந்ததால் அப்புறம் அதை என்னிடம் கேட்டிருக்கும். அப்படித்தான் கேட்க வேண்டும்.

அனெஷ்கா ஜனவரியிலிருந்து பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கப் போகிறாளாம். மாலையில். பகலில் பேக்கரி வேலை இருக்கிறதே. என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, உள் அறைக்குக் கேட்கும்படி, எல்லாம் ஒரு குடிகாரனைக் கட்டிக்கொண்ட பலன் என்று கத்தினாள்.

அவன் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்தோம். ஆனால் ஒரே மாதிரி இல்லை என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 22

கட்டுத் துணி வைக்கும் டப்பாவுக்குள் பத்தாயிரம் கொருனாவை உறையில் வைத்துவிட்டு வந்தேன். எடுத்துக்கொண்டு போ என்று வெண்டெலின் முணுமுணுத்தான். காது கேட்காத மாதிரி வந்துவிட்டேன். கொஞ்சம் லேசாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது. பத்தாயிரத்துக்கு எவ்வளவு லேசாகலாம் என்று நினைத்தேன்?

ஜனவரி 4

அனெஷ்கா வந்தாள். இந்த முறை தட்டு இல்லை, உறை இருந்தது. கோட்டைக் கழற்றாமலே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இது உன் எழுத்து. 'வெண்டெலினுக்கு'ன்னு நீதான எழுதினது?"

ஆமாம் என்றேன்.

"நீ எதுக்கு என் புருஷனுக்குப் பணம் குடுக்குற? அந்த மனுஷன் கிட்ட கேட்டா செவுரைப் பாத்துப் படுத்துக்குறான். நீ வந்தா மட்டும் கண்ணு முழிக்குது. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன். உனக்கும் அவனுக்கும் என்னடி?"

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் எனக்குள் வேறொன்று கணக்குப் போட்டது: இவள் நினைப்பது சின்ன அசிங்கம். என்னைப் போல விதவை ஒருத்தி, பழைய பள்ளித் தோழன், ஊரில் நடக்காததா. ஆறு மாதம் பேசுவார்கள், மறந்துவிடுவார்கள். லைசென்ஸும் போகாது, வேலையும் போகாது.

ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்த்தேன். அவள் உறையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

ஜனவரி 5

அவள் இன்னொரு முறை கேட்டிருந்தால் ஆமாம் என்றே சொல்லியிருப்பேன். அதுதான் நான்.

ஜனவரி 14

மேலாளர் கூப்பிட்டு, வெண்டெலின் வீட்டுக்கு இனி வேறு நர்ஸ் போவாள் என்றார். காரணம் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அவருக்கும் எட்டியிருக்கிறது. ரொட்டிக் கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். ப்ரோகோப் மட்டும் சிரித்துக்கொண்டே, வெண்டெலினுக்கு இந்த வயசில் அதிர்ஷ்டம்தான் என்றார்.

வெண்டெலின் அங்கே தன் கெட்ட பெயர்களை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கிக்கொண்டிருக்கிறான். குடிகாரன். இப்போது துரோகி. இரண்டையும் நான்தான் கொடுத்தேன்.

புது நர்ஸ் சொன்னாள்: எலும்பு சேரவில்லை, ப்ரனோ நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஆபரேஷன், இனிமேல் கூரை ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

ஐம்பத்தாறு வயது. அவனுக்குக் கூரையைத் தவிர வேறென்ன தெரியும்?

ஜனவரி 16

போலீஸ் நிலையத்துக்குப் போனேன். எழுதிவிடுகிறேன், போனேன். போகும்போது இரண்டு முறை வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

அதிகாரி இளைஞர், மரியாதையானவர். எல்லாவற்றையும் சொன்னேன். ஒயின், வாத்து, விளக்கில்லாத சைக்கிள், ஆம்புலன்ஸ்காரரிடம் சொன்ன பொய். அவர் கம்ப்யூட்டரில் எதையோ தேடிப் பார்த்தார். பிறகு வெண்டெலினுக்கு போன் போட்டார். வைத்துவிட்டு என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"மேடம், அவர் தானா விழுந்தேன்றார். அன்னிக்கும் அதையே சொன்னார், இன்னிக்கும் அதையே சொல்றார். அடிபட்டவர் இல்லைன்றார், நீங்க இடிச்சேன்றீங்க. இப்படி ஒரு கேஸ் எனக்கு வந்ததே இல்ல."

என் வாக்குமூலத்தை எழுதி வாங்கிக்கொண்டார். விசாரிக்கிறோம், வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்றார். ஓய்வு!

ஜனவரி 29

கார் இன்சூரன்ஸிலிருந்து ஒருவர் வந்தார். அவர்களுக்கும் நானே கடிதம் போட்டிருந்தேன். வழுக்கைத் தலை, நல்ல பசி; என் மேசையில் இருந்த பிஸ்கட் முழுவதையும் தின்றுகொண்டே கேட்டார். பட்டறை ரசீதைக் கொடுத்தேன்.

"இதுல மான்னு போட்டிருக்கே."

நான் பொய் சொன்னேன் என்றேன்.

"அப்போ சொன்னது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?"

ஊருக்குள் விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ரொட்டிக் கடை, நிலவறை, எல்லா இடமும். வெண்டெலினுக்கும் எனக்கும் உறவு என்று ஊரே சொல்கிறது, அவன் படி பாதியாகிவிட்டது, வேலையும் போகப்போகிறது, இந்த நேரத்தில் நான் திடீரென்று வந்து இடித்தது நான்தான் என்கிறேன். இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறாராம். காதலுக்காக இன்சூரன்ஸை ஏமாற்றப் பார்த்த நிறையப் பேரைத் தெரியுமாம். இந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் மோசடி வழக்குப் போடாமல் விட்டுவிடலாம் என்று அன்பாகச் சொன்னார்.

என் வாழ்க்கையிலேயே முதல்முறை முழு உண்மையைச் சொல்கிறேன், அது பொய்யாம். அது பொய்யாகும்படி செய்து வைத்தது யார்? மான் என்றது நான். படிவம் எழுதியது நான். அனெஷ்கா முன்னால் தரையைப் பார்த்ததும் நான்.

பிப்ரவரி 1

வெண்டெலினுக்கு போன் செய்தேன். கெஞ்சினேன். அவன் சொல்ல மாட்டேன் என்றான். சொன்ன பேச்சு சொன்னதுதானாம். இப்போது மாற்றிச் சொன்னால் குடிகாரன் பட்டத்தோடு பொய்யன் பட்டமும் சேரும், எனக்கும் வேலை போகும், அவனுக்கும் கால் திரும்ப வராது, யாருக்கு என்ன லாபம் என்றான். உனக்குப் பணம் வரும் என்றேன்.

"உன்கிட்ட புடுங்கித்தான தரப்போறாங்க? அதை வச்சு நான் என்ன பண்றது ஹெட்வி" என்று வைத்துவிட்டான்.

இது அவன் கருணை. அதில் கொஞ்சம் திமிரும் இருக்கிறது, அதையும் எழுதி வைக்கிறேன். விழுந்து கிடந்தவன்தான் பெரியவனாக இருக்கிறான். நான் எழுந்து நிற்கவே அவன் விடமாட்டேன் என்கிறான்.

அனெஷ்கா ஒருத்திதான் அவனை அசைக்க முடியும்.

பிப்ரவரி 9

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நீளமான தாழ்வாரம், அந்தக் கோடியில் அவள் வாளியோடு. என்னைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்தவில்லை. ஈரத் தரையின் மறுபக்கத்திலேயே நின்று சொன்னேன். உன் புருஷனோடு எனக்கு எதுவும் கிடையாது. அவன் தானாக விழவில்லை. நான் இடித்தேன்.

அவள் நம்பவில்லை. அவள் எப்படி நம்புவாள்?

"ஒண்ணை மறைக்க இன்னொண்ணு சொல்றியா? எவ்வளவு யோசிச்சு வந்திருக்க."

நான் வாத்தைச் சொன்னேன். ப்ரோகோப்பின் மனைவி கொடுத்தது, தாள் கிழிந்தது, கை முழுக்கக் கொழுப்பு, அந்தக் கையோடு அவன் ஜாக்கெட் தோளைப் பிடித்திருந்தது. உளறுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். தோள் என்று சொன்னபோது அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

"இடது தோளா?"

"இடது."

"நாலு தடவை தோச்சேன். ரத்தம் போச்சு, அது போகல. என்ன எண்ணெய்னு மோந்து மோந்து பாத்தேன்" என்றாள். கவிழ்த்து வைத்திருந்த இன்னொரு வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்தபடியே பேசினாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"நான் மூணு மாசமா அவனைக் குடிகாரன் குடிகாரன்னு திட்டினேன். சோறு வைக்கும்போது திட்டினேன், மூத்திரம் எடுக்கும்போது திட்டினேன். நீ என் வீட்டுல உக்காந்து அதைக் கேட்டுட்டு இருந்த."

ஆமாம்.

"நான் சுட்டுக் குடுத்ததைத் தின்ன."

தின்னவில்லை, கோழிக்குப் போட்டேன் என்று சொல்லவில்லை. எது மோசம் என்று எனக்கே தெரியவில்லை.

போ என்றாள். துடைத்த தரையில் கால் வைத்துத்தான் வர வேண்டியிருந்தது. வழியெல்லாம் என் செருப்புச் சுவடு.

பிப்ரவரி 10

இதற்கு முன் எனக்கு இருந்தது வெட்கமே இல்லை, பயம். இப்போது இருப்பதுதான் வெட்கம்.

பிப்ரவரி 13

வெண்டெலின் போலீஸ் நிலையத்தில் உண்மையைச் சொல்லிவிட்டான். அனெஷ்கா சக்கர நாற்காலியில் வைத்து அவளே தள்ளிக்கொண்டு போனாளாம். பின் சக்கர மட்கார்டில் என் கார்ப் பெயின்ட் ஒட்டியிருந்த சைக்கிளையும் கொண்டுபோய் அதிகாரி மேசைமேலேயே சாய்த்து வைத்தாளாம். அந்த இளைஞர் எனக்கு போன் செய்து, லைசென்ஸை எடுத்துக்கொண்டு வாருங்கள் மேடம் என்றார்.

பேருந்தில் திரும்பி வந்தேன்.

மார்ச் 20

தீர்ப்பு. இரண்டு வருடம் கார் ஓட்டக் கூடாது, சிறைத்தண்டனை நிறுத்திவைப்பு. வீட்டு நர்ஸ் வேலை போயிற்று. நகரத்து முதியோர் இல்லத்தில் இரவும் பகலுமாக மாறி மாறி ஒரு வேலை கிடைத்திருக்கிறது, படுக்கை மாற்றுவது, குளிப்பாட்டுவது.

இன்சூரன்ஸ் வெண்டெலினுக்குக் கொடுக்கப்போகிறது. விளக்கில்லாமல் குடித்துவிட்டு வந்ததற்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார்கள். அவனுக்குக் கொடுப்பதை என்னிடம் வசூலிப்பார்கள், ஆஸ்பத்திரிச் செலவும் சேர்ந்து வரும். காரை விற்றாயிற்று. மீதி மாதத் தவணை. எவ்வளவு வருடம் என்று கணக்குப் போட்டேன். அறுபத்தொன்பது வயதில் முடியும்.

ஊர் நல்லவிதமாக நடந்துகொள்கிறது. யாருக்கும் நடந்திருக்கும் என்கிறார்கள். ப்ரோகோப் வாசல்வரை வந்து, இரண்டு குவளையெல்லாம் ஒரு கணக்கா, அதற்குப் போய் இப்படியா என்று வருத்தப்பட்டார். யாராவது ஒருவர் என்னைத் திட்டினால் தேவலை போலிருந்தது.

திட்ட உரிமை இருக்கிறவள் பேசுவதே இல்லை. பேருந்து நிறுத்தத்தில் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாள். வெண்டெலினும் போனை எடுப்பதில்லை. அவனிடமிருந்து அவன் பெரிய மனதை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று அவனுக்குக் கோபம்.

மே 17, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு போன். அனெஷ்கா. வணக்கம்கூடச் சொல்லவில்லை. ப்ரனோவில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்து வந்திருக்கிறான், கட்டு நனைந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் வர மாட்டாளாம். வா என்றாள்.

நாலு கிலோமீட்டர். நடந்து போனேன். வழியில் அந்த வளைவு வரும். வந்தது.

அனெஷ்கா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். உட்காரச் சொல்லவில்லை, காப்பி இல்லை. வெண்டெலின் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மெலிந்துவிட்டான். என்னைப் பார்க்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு மண்டியிட்டுக் கட்டைப் பிரித்தேன். அனெஷ்கா பின்னால் நின்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். புண் சுத்தமாக இருந்தது, தையல் பிடித்திருந்தது. வேலையை வேகமாக முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்றிருந்தது எனக்கு.

"வலிக்குதான்னு அவன்கிட்ட கேளு" என்றாள் அனெஷ்கா.

கை நின்றுவிட்டது.

"அத்தனை நாள் கட்டுப் போட்டியே, ஒரு தடவைகூடக் கேக்கலையாம். நேத்துதான் சொன்னான். வர்ற புதுப் பொண்ணு தினமும் கேக்குது. நீ கேக்கலைன்னு சொன்னான்."

உண்மைதான். நவம்பரிலிருந்து ஜனவரிவரை ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வானோ என்று பயம். வலியின் அளவு என்று எங்கள் அட்டையில் ஒரு கட்டம் இருக்கும். தினமும் நானாகவே மூன்று என்று போட்டுவந்தேன். பத்துக்கு மூன்று.

அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். விபத்துக்குப் பிறகு முதல்முறையாக, நேருக்கு நேராக.

"வலிக்குதா, வெண்டெலின்?"

பழக்கத்தில் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். உதடு அதற்குத் தயாராகிக்கூட விட்டது. பிறகு அது அடங்கியது.

"வலிக்குது" என்றான். "ரொம்ப."

எங்கே எங்கே, எப்போது, எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். நான் மண்டியிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.